செங்கலடிச் சந்தி வரை: பாதர் ஹேபியரும் அவர் பழக்கிய கூடைப்பந்தும்

நமுனுகுல மலையடியில் பிறந்தவர்களுக்குக் கூடை என்றால் கொழுந்துக் கூடைதான். முதுகில் தொங்கும், கயிறு நெற்றியில் இறங்கும், மாலையில் தராசில் ஏறும். கூடைக்குள் பந்து போட்டு விளையாடும் ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்பதை எங்கள் தோட்டப் பாடசாலைக்கு மட்டக்களப்பிலிருந்து வந்த ஓர் ஆசிரியர்தான் எங்களுக்குச் சொன்னார். எங்கிருந்தோ ஒரு பழைய பெரல் வளையத்தைக் கொண்டுவந்து, பிரட்டுக்களத்து ஓரத்தில் நின்ற சவுக்கு மரத்தில் ஆணி அடித்து மாட்டினார். பந்து என்னவோ கரப்பந்துதான். அதைத் தரையில் தட்டினால் எழும்பாது. அப்படியும் விளையாடினோம்.

"சேர், இத உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாதர் ஹேபியர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு நாங்கள் கேட்டுக்கேட்டு, துண்டு துண்டாகச் சொன்னார். மிச்சத்தை நான் வளர்ந்தபின் வாசித்துத் தெரிந்துகொண்டேன். யூஜின் ஜோன் ஹேபியர் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் நான்கு தசாப்தங்கள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட இருந்த ஒரு தமிழ் இளைஞருடன் காணாமற்போனார். உடல் கிடைக்கவில்லை.

காணாமற்போனோர் என்ற சொல்லை இதை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு கூடைப்பந்துப் பயிற்றுநரின் பெயர் எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. மலையகத்தில் இருக்கும் எங்களுக்கு அது அறவே தெரியாது.

பெயரிலிருந்து தொடங்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலின்படி வாசித்தால் 'ஹேபர்ட்' என்று வரும். லூசியானாவில் பிரெஞ்சு வழிவந்த குடும்பங்கள் கடைசி எழுத்தை ஒலிப்பதில்லை. அதனால்தான் கிழக்கில் அவர் ஹேபியர் ஆனார். கனடாவின் அத்திலாந்திக் கரையில் அகாடியா என்று ஒரு பிரதேசம் இருந்தது. 1755இல் அங்கிருந்த பிரெஞ்சு மொழி பேசும் மக்களை பிரித்தானியர் வீடுகளை எரித்து, கப்பல்களில் ஏற்றி விரட்டினார்கள். குடும்பங்கள் கரை கரையாகச் சிதறின. அவர்களில் ஒரு பகுதியினர் கடைசியில் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் குடியேறினார்கள். அந்த அகாடிய மக்களிடம் மிகப் பரவலாக இருக்கும் குடும்பப் பெயர்களில் ஒன்றுதான் இந்த ஹேபியர். பாதரின் வம்சவரலாறு எனக்குத் தெரியாது. ஆனால் ஊர் விட்டு விரட்டப்பட்ட மக்களின் பெயர் ஒன்று, ஊர் விட்டு விரட்டப்பட்ட இன்னொரு மக்களிடம் வந்து சேர்ந்தது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அவர் பிறந்தது 1923 ஒக்டோபரில், ஜெனிங்ஸ் என்ற சிறிய நகரத்தில். நெல் விளையும் ஊர். லூசியானாவில் முதன்முதல் எண்ணெய் எடுக்கப்பட்டதும் அங்குதான். இளம் வயதிலேயே இயேசு சபையில் சேர்ந்து, 1948இல் இலங்கைக்கு வந்தார்.

1948 என்ற ஆண்டை எங்கள் ஆட்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது. நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நமுனுகுலயிலும் பசறையிலும் லுணுகலையிலும் தலைமுறையாகக் கொழுந்து பறித்த எங்கள் பாட்டன் பாட்டிமார் ஒரு சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். அதே ஆண்டில் கடல் கடந்து வந்த ஒரு லூசியானாக்காரர் 42 ஆண்டுகள் இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. 1964 ஒப்பந்தத்தின்படி எங்கள் ஆட்களைத் தலைமன்னார்க் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் அவர் கிழக்கில் பிள்ளைகளுக்குப் பந்து எறியச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. யார் உள்ளூர், யார் வெளியூர் என்பதைக் கடதாசி தீர்மானித்த ஒரு நாட்டில் இப்படியும் நடந்தது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

கிழக்கில் இயேசு சபையினர் புதியவர்கள் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சுக் குருமார் அங்கு வந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த அமெரிக்கர்களிடம் வந்தது. மட்டக்களப்பில் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும், திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியும் அவர்களுடைய கைகளில் இருந்தன. பௌதிகம், ஆங்கிலம், ஞானோபதேசம் ஆகியவற்றோடு அவர்கள் தங்கள் நாட்டு விளையாட்டையும் கொண்டுவந்தார்கள். மட்டக்களப்பு வெபர் மைதானம் அப்படி வந்த இன்னொரு குருவின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கூடைப்பந்தாட்டத்தைத் தொடங்கியவரும் ஒரு வகையில் சமயப் பணியாளரே. ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாக்காரர், இறையியல் படித்தவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பாடசாலையில், குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டுக் கிடந்த 18 இளைஞர்களுக்கு ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. காவலாளி கொடுத்த இரண்டு பீச் பழக் கூடைகளை மாடி விளிம்பில், பத்தடி உயரத்தில், ஆணியடித்து மாட்டினார். அடி திறக்கவில்லை. பந்து விழுந்தால் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு பந்துதான் விழுந்தது. பத்தடி, அதாவது 3.05 மீற்றர், இன்றும் அதே உயரம். பின்னாளில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெய்ஸ்மித் பயிற்றுநராக இருந்தபோது 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றார். அந்தப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் வென்றதைவிட அதிகம் தோற்ற ஒரே பயிற்றுநர், விளையாட்டையே கண்டுபிடித்தவர்! எங்கள் சேர் இதைச் சொல்லித்தான், தோற்றுவிட்டு வந்த எங்களைச் சமாதானப்படுத்துவார்.

சரி, ஒரு பாடசாலைப் பயிற்றுநர் என்னதான் செய்கிறார்? தொலைக்காட்சியில் கோட்டும் சூட்டும் போட்டுக் கத்திக்கொண்டு நிற்பவரை வைத்து இந்த வேலையை எடை போடக்கூடாது.

இந்த விளையாட்டுக்கு வேண்டியது குறைவு. ஐந்து பேர், ஒரு பந்து, இரண்டு வளையம், 28 மீற்றருக்கு 15 மீற்றர் சமதரை. கிரிக்கெட் மட்டை, காலுறை, கையுறை வாங்க வழியில்லாத பாடசாலையும் ஐந்து பிள்ளைகளைத் தேற்றிவிடலாம். (எங்கள் மலையில் அந்தச் சமதரைதான் கிடைக்காது. தட்டையாக இருக்கும் இடமெல்லாம் பெக்டரிக்கும் பங்களாவுக்கும் பிரட்டுக்களத்துக்கும் போய்விட்டது. மட்டக்களப்பு கடலோரச் சமவெளி. அங்கு அந்தக் குறை இல்லை.)

ஆனால் குறைந்த செலவில் ஆடலாம் என்பதற்காகச் சுலபமாகப் பழகிவிட முடியாது. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது. தட்டிக்கொண்டே ஓட வேண்டும். நின்றால் ஒரு கால் தரையில் ஊன்றியபடி இருக்க வேண்டும். மற்றக் காலை மட்டும் திருப்பலாம். இடப்பக்கத்தால் வளையத்தை நோக்கிப் பாய்ந்தால் இடக்கையால் பந்தை ஏற்ற வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இது ஆயிரம் தடவை செய்தாலும் கூச்சமாக இருக்கும். தவறு செய்த எதிரணிக்குத் தண்டனையாகக் கிடைக்கும் தனி எறிதலில், 4.6 மீற்றர் தூரத்தில் தனியாக நின்று, எல்லோரும் பார்த்திருக்க, பந்தைப் போட வேண்டும். இவற்றில் எதையும் ஒரு பேச்சால் கற்பிக்க முடியாது. விடியற்காலையில் ஒருவர் வந்து நின்று, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சொல்ல வேண்டும். பயிற்றுநரின் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இன்று தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி கிடைக்கும். அந்தக் கோடு சர்வதேச விதிகளில் 1984இல்தான் வந்தது. பாதர் ஹேபியர் பழக்கிய காலத்தின் பெரும்பகுதியில் எங்கிருந்து போட்டாலும் இரண்டுதான். அப்படியானால் வளையத்துக்குக் கிட்ட நிற்கும் உயரமானவனுக்கே லாபம். எங்கள் பிள்ளைகள் உயரமா? இல்லை. உயரமில்லாத அணி வெல்வதற்கு வழி மூன்று: எதிரி திரும்பி வருவதற்குள் ஓடிவிட வேண்டும், பந்தைக் கையில் வைத்திராமல் உடனே கைமாற்ற வேண்டும், பந்து மேலே இருக்கும்போதே எதிரியை முதுகால் மறித்து இடத்தைப் பிடித்துவிட வேண்டும். மூன்றுக்கும் வேண்டியது மூச்சும் ஒருவரை ஒருவர் நம்புவதும். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பாதர் ஹேபியரின் அணிகள் வெற்றிக் கிண்ணங்கள் கொண்டுவந்தன என்று அவரைப் பற்றி எழுதிய எல்லோரும் பதிந்திருக்கிறார்கள். கொழும்புப் பெரிய கல்லூரிகளுக்கு எதிராகக் கிழக்கிலிருந்து ரயிலில் இரவு முழுக்க இருந்து போய் ஆடும் பிள்ளைகளுக்கு அந்த வெற்றி என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாடசாலைப் பயிற்றுநருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தேயிலைச் செடியை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். தழைத்து நின்ற மலை மொட்டையாகிவிடும். பிறகு குருத்து வரும் வரை காத்திருக்க வேண்டும். பாடசாலை அணிக்கு ஒவ்வொரு வருடமும் கவ்வாத்துத்தான். பழக்கி எடுத்த பிள்ளை உயர்தரம் முடித்து வெளியே போய்விடுவான். பயிற்றுநர் மறுபடி, பந்தைத் தட்டத் தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டும். நாற்பது வருடம் இதைச் செய்தவருக்கு எத்தனை அணிகள், எத்தனை தொடக்கங்கள்?

உலகத்தில் பெயர்போன பயிற்றுநர்கள் பெரும்பாலும் இப்படி இருப்பதில்லை. அவர்கள் ஒப்பந்தத்தின் பின்னால் நாடு நாடாகப் போகிறவர்கள். பொக்டான் தான்யெவிச் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். மொன்டனீக்ரோவில் பிறந்தவர். சரயேவோ நகரத்தின் 'பொஸ்னா' கழகத்தைப் பழக்கி 1979இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வெல்ல வைத்தார். பிறகு இத்தாலி, பிரான்ஸ் என்று கழகம் கழகமாக மாறினார். 1999இல் இத்தாலி தேசிய அணியை ஐரோப்பியச் சம்பியன் ஆக்கினார். 2010இல் துருக்கியை உலகக் கிண்ண இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். போகும் இடமெல்லாம் வெற்றி. அதில் ஒரு குறையும் இல்லை, அது தொழில்.

அவருடைய 1979 அணியின் நட்சத்திரம் மிர்சா டெலிபாசிச். 1992இல் சரயேவோ முற்றுகைக்குள் சிக்கியபோது அவர் ஊரை விட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டு, பிறந்த கையோடு போருக்குள் விழுந்த பொஸ்னியா நாட்டின் அணிக்கு அவரே பயிற்றுநர். ஆட்டக்காரர்கள் முற்றுகையிலிருந்து வெளியேற ஒரே வழி, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே விமான நிலைய ஓடுபாதையை இரவில் ஓடிக் கடப்பது. கடந்தார்கள். ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் எட்டாவது இடம் பெற்றார்கள். டெலிபாசிச் 2001இல், 47 வயதில் இறந்தார். தான்யெவிச்சின் சாதனைப் பட்டியல் நீளமானது. ஆனால் செல் விழுந்த ஊரில் இருந்து வந்த எவரும் இந்த எட்டாவது இடத்தை வாசித்துவிட்டுச் சும்மா கடந்துபோக மாட்டார்கள்.

பாதர் ஹேபியர் இந்த இரண்டாவது வகை. ஒரு தடவைதான் பயணம், பிறகு இருந்துவிட்டார். 1980களில் போர் இறுகியபோது அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஒருவருக்குப் புறப்பட்டுப் போவது மிகச் சுலபம். மட்டக்களப்பில் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கும் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். கூடவே இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. பிடித்துக்கொண்டு போன பிள்ளையைத் தேடி வரும் தாய்மாரின் கதையைக் கேட்பது, எழுதிவைப்பது, முகாம் வாசலுக்குப் போய் விசாரிப்பது. 1988 ஜூனில் மட்டக்களப்புப் பிரஜைகள் குழுத் தலைவர் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பின்னும் இந்த வேலையைத் தொடர்ந்தவர்களில் ஹேபியரும், 1948இல் அவரைப் போலவே நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்த ஹரி மில்லர் அடிகளாரும் இருந்தார்கள்.

1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தது. அந்தக் கோடை காலத்தைக் கிழக்கில் வாழ்ந்தவர்கள் மறக்க முடியாது. இராணுவம் வந்தது; தமிழ் இளைஞர்கள் வீதிகளில் எரிந்தார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமான முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 11 இரவு ஏறாவூரில் வீடுகளுக்குள் புகுந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட மறுபடி நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தபோதும், உயிர் தப்பியவர்களின் சாட்சியம் அவர்களையே சுட்டியது. இதைத் தமிழில் எழுதும்போது கை தயங்குவதை நான் அறிவேன். ஆனால் இதை விட்டுவிட்டு அடுத்து நடந்ததைச் சொல்வது பொய். பழிக்குப் பழியாகத் தமிழர் கிராமங்கள் எரிந்தன. வீதியில் அகப்பட்ட தமிழர் வெட்டப்பட்டார்கள். ஊர்காவற் படையும் ஆயுதப் படையினரும் அந்தப் பழிவாங்கலோடு சேர்த்துப் பேசப்பட்டார்கள்.

ஏறாவூர்ப் படுகொலை நடந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. வாழைச்சேனையில் கன்னியர் மடமொன்றில் அருட்சகோதரிகளும் பிள்ளைகளும் அச்சத்தில் இருந்தார்கள். அவர்களுடைய பாதுகாப்புக்கு வழி செய்ய ஹேபியர் போனார். வயது 66. வேலை முடிந்ததும் 15ஆம் திகதி, ஒரு தமிழ் இளைஞருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். தூரம் முப்பது கிலோமீற்றர் அளவில்தான். கிரான், செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை, பிறகு நகரம். அவர்கள் நகரத்துக்கு வந்து சேரவில்லை. ஏறாவூரை அண்டிய பகுதியில் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதே பொதுவான நம்பிக்கை. யார் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் 184 பேர் கொல்லப்பட்டார்கள். ஹேபியர் கடைசியாகப் போன அதே வீதிதான். நாற்பது நாளுக்குள், ஒரு பஸ் பயணத்தில் வரிசையாகக் கடக்கக்கூடிய ஊர்களில் இவ்வளவும்.

எங்கள் சேரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் கோபப்பட்டது ஒரே ஒரு விடயத்துக்காக. பாதரைப் பற்றி எங்கே எழுதினாலும் பக்கத்தில் "அவருடைய சாரதியும்" என்று போட்டுவிடுகிறார்கள், அந்தப் பெடியனுக்கும் ஒரு அம்மா இருந்தா, என்றார். உண்மைதான். ஒரு குரு, கூட ஒரு மனிதர் என்று இரண்டு பேராகக் காணாமற்போவது நம் நாட்டில் ஒரு தடவையோடு நின்றுவிடவில்லை. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரும் உடன் போனவரும் அப்படித்தான். 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறிய பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். அவரோடு ஏறியவர்களின் பெயர்கள் அவரவர் தாய்மாரின் கையிலுள்ள படங்களில் மட்டும் இருக்கின்றன.

ஹேபியர் அமெரிக்கப் பிரஜை. ஒரு வல்லரசும், உலகெங்கும் பரந்த ஒரு துறவற சபையும் கேள்வி கேட்க இருந்தன. அவருக்கே பதில் இல்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் உட்கார்ந்த தாய்மாருக்கு அடுத்த ஆண்டு காணாமற்போனோர் அலுவலகத்துக்கு ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட செய்தி கிடைத்தது, பிள்ளை கிடைக்கவில்லை. 1977இலும் 1983இலும் அடி வாங்கி, இதே பதுளை வீதியால் இறங்கிக் கிழக்குக்கும், கண்டி வீதியால் வன்னிக்கும் போன எங்கள் மலையகக் குடும்பங்களிலும் காணாமற்போனவர்கள் உண்டு. அவர்களுக்காகக் கேள்வி கேட்கத் தூதரகம் கிடையாது. பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது.

ஹரி மில்லர் அடிகளார் அதற்குப் பின்னும் மட்டக்களப்பிலேயே இருந்தார். காணாமற்போனவர்களின் பெயர்களைத் தொடர்ந்து எழுதினார். 2019 ஜனவரி முதலாம் திகதி, அதே ஊரில் இறந்தார். எழுபது வருடம். தன் தோழனின் பெயரையும் அந்தக் குறிப்புகளில் எழுதவேண்டி வந்த ஒருவர் அடுத்த நாள் காலை எழுந்து மறுபடி பேனாவை எடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது. இடக்கையால் ஆயிரம் தடவை போடச் சொல்வதும் இதுவும் ஒரே மாதிரியான பொறுமை போலத் தெரிகிறது. இது என் அபிப்பிராயம். சேர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டம் நிற்கவில்லை. போர்க்காலத்திலும் மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகள் ஆடினார்கள், இப்போதும் ஆடுகிறார்கள். அவர் பழக்கியவர்கள் வேறு பிள்ளைகளைப் பழக்கினார்கள். போரில் சிதறிய கிழக்கு மக்களோடு அந்த விளையாட்டும் வெளிநாடுகளுக்குப் போனது. அதில் ஒரு சின்னக் கிளைதான் நமுனுகுலச் சவுக்கு மரத்துப் பெரல் வளையம். வளையம் துருவேறி விழுந்துவிட்டது. ஆணி மட்டும் மரத்துக்குள் போய்விட்டது. தடவினால் பட்டையில் ஒரு புடைப்புத் தெரியும். சேர் இடமாற்றம் பெற்று ஊருக்குப் போய்ப் பல வருடமாகிறது. எங்கள் பிள்ளைகள் இப்போது கரப்பந்து ஆடுகிறார்கள், கிரிக்கெட் ஆடுகிறார்கள். கூடைப்பந்து ஆட ஒரு சமதரை கேட்டு எழுதிய கடிதத்துக்குத் தோட்ட நிர்வாகம் என்ன சொல்லும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

பசறையிலிருந்து மட்டக்களப்புக்குப் போவதென்றால் லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று பஸ் இறங்கிக்கொண்டே போகும். குளிர் விட்டு வெயில் ஏறும். தேயிலை முடிந்து காடு வரும். காடு முடிந்து வயல் வரும். செங்கலடிச் சந்தியில் எங்கள் வீதி முடிகிறது. அங்குள்ளவர்கள் அதைப் பதுளை வீதி என்றே சொல்கிறார்கள். இடப்பக்கம் திரும்பினால் வாழைச்சேனை. பஸ் வலப்பக்கம் திரும்பும். அடுத்த ஊர் ஏறாவூர்.